வாசற்படி வெளிச்சம் போதும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், வீட்டிலேயே போட்டோ எடுக்கும் தொழில் செய்யும் உறுப்பினர்கள் மூவர் சேர்ந்து பேசியதன் எழுத்து வடிவம்)



மைக் பிடித்துப் பேசுவது எங்களுக்குப் புதுசு. குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு வாசிப்போம், கடன் பாக்கி கேட்போம், அவ்வளவுதான். "சின்ன வீட்டுக்குள்ளேயே எப்படி நல்லா போட்டோ எடுக்கறீங்கன்னு மத்த குழுக்களுக்கும் சொல்லுங்க" என்று கூட்டமைப்பில் கேட்டதால் வந்திருக்கிறோம். எங்களுக்கு ஸ்டுடியோ கிடையாது. எங்களில் ஒருத்தி இருக்கும் தொகுப்பு வீட்டின் முன் அறைதான் ஸ்டுடியோ. 10 அடிக்கு 10 அடி. அதிலேயே ஒரு பீரோ, ஒரு தையல் மெஷின், மூட்டை கட்டிய நெல். மிச்ச இடத்தில்தான் படம் எடுக்கிறோம்.

நாங்கள் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. தப்பு பண்ணிப் பண்ணித்தான் கற்றுக்கொண்டோம். அதனால் முதல் தப்பில் இருந்தே ஆரம்பிக்கிறோம்.

எங்கள் முதல் தப்பு

எங்கள் தெருவில் ஒரு ஆயா இருந்தார். கணவர் இல்லை. உதவித்தொகைக்கு மனு போட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டியிருந்தது. திருத்தணிக்கோ அரக்கோணத்துக்கோ பஸ் ஏறிப் போனால் ஒருநாள் களை எடுக்கும் கூலி போய்விடும். "நீங்கதான் போன்ல படம் புடிக்கிறீங்களே, எனக்கும் ஒண்ணு புடிச்சுக் குடுங்கடி" என்றார்.

நாங்களும் சுவரோரம் நிற்க வைத்து, டியூப் லைட் போட்டு, போனில் ஃப்ளாஷ் அடித்து எடுத்தோம். நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிகிற மாதிரி மின்னியது. கன்னம் இருட்டாக இருந்தது. பின்னால் சுவரில் தலை நிழல் பெரிசாக விழுந்தது. போனில் அழகாக்கும் பட்டன் ஒன்று இருந்தது. அதைத் தொட்டோம். ஒரே நொடியில் சுருக்கம் எல்லாம் போச்சு. நிறம் கோதுமை மாதிரி ஆச்சு. மூக்கோரத்து மச்சமும், சின்ன வயசில் அரிவாள் பட்ட தழும்பும் காணாமல் போச்சு. நாங்கள் கைதட்டினோம். ஆயா படத்தைப் பார்த்து, "யாருடி இது?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அதுதான் எச்சரிக்கை என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

மனுவை வாங்கிய இடத்தில் அடையாள அட்டையையும் போட்டோவையும் ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். "இது உங்க படம் இல்லியே பாட்டிம்மா, வேற போட்டோ கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. படத்தில் இருந்தது ஆயா இல்லைதானே! அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. சாயங்காலம் வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என் மூஞ்சியில இன்னாடி குத்தம்?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொண்டோம்.

வெளிச்சம் எங்கே இருக்குது?

சகோதரிகளே, முகத்தில் குற்றம் இல்லை. வெளிச்சத்தில்தான் குற்றம். வெளிச்சத்தைச் சரி செய்துவிட்டால் பிறகு திருத்த வேண்டிய வேலை முக்கால்வாசி குறைந்துவிடும்.

ஃப்ளாஷ் என்பது ஒரு பொட்டு அளவு விளக்கு. அவ்வளவு சின்ன இடத்தில் இருந்து வெளிச்சம் அடித்தால் நிழல் கத்தி மாதிரி விழும். வாசல் கதவு 3 அடி அகலம், 6 அடிக்கு மேல் உயரம். அவ்வளவு பெரிய இடத்தில் இருந்து வானத்தின் வெளிச்சம் வரும்போது முகத்தை நாலா பக்கமும் தடவிக் கொடுக்கிற மாதிரி மெத்தென்று விழும். இடம் பெரிசானால் நிழல் மென்மையாகும், இடம் சின்னதானால் நிழல் கடுமையாகும். உச்சி வெயிலில் வயலில் நிற்கிறவர் முகத்தைப் பாருங்கள். கண் இருக்கும் இடம் குழி மாதிரி கறுப்பாக இருக்கும். அதே ஆள் மாட்டுக் கொட்டகை நிழலில் நின்றால் கண் பளிச்சென்று தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

வாசல் எந்தத் திசை என்று முதலில் பாருங்கள். கிழக்கு வாசல் என்றால் காலையில் வெயில் நேராக உள்ளே விழும். அந்த வெயில் பட்டையில் ஆளை உட்கார வைக்கக் கூடாது. ஒற்றை மடிப்பாக ஒரு வெள்ளை வேட்டியை வாசலில் கட்டித் தொங்கவிட்டால் வெயில் வேட்டியில் பட்டுப் பரவி, வாசலே ஒரு பெரிய விளக்காகிவிடும். இல்லையென்றால் வெயில் ஏறிய பிறகு 10 மணிக்கு மேல் எடுங்கள். வடக்கு வாசல் என்றால் அதிர்ஷ்டம். கரண்ட் விளக்கு வராத காலத்தில் பெரிய ஸ்டுடியோக்களே வடக்குப் பக்கம் கண்ணாடிக் கூரையும் கண்ணாடி ஜன்னலும் வைத்துத்தான் படம் எடுத்தன. ஆனால் அது பெரும்பாலும் சீமை வழக்கம். நம்ம ஊரில் சித்திரை நடுவில் இருந்து ஆடி முடியும் வரை சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் வடக்கு வாசலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். அப்போதும் வேட்டிதான் கை கொடுக்கும்.

இன்னொன்று முக்கியம். வாசல் வெளிச்சத்தில் எடுக்கும்போது உள்ளே இருக்கும் பல்பு, டியூப் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், பல்புக்கு ஒரு நிறம். இரண்டும் சேர்ந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் ஒரு கன்னம் மஞ்சளாகவும் வரும். அதை அப்புறம் எந்த ஆப்பாலும் சுலபமாகச் சரி செய்ய முடியாது.

கோழிக்கொட்டகையில் ஒரு ஸ்டுடியோ

"இந்தக் குச்சு வீட்டுல இதெல்லாம் நடக்குமா?" என்று எங்கள் வீட்டு ஆம்பிளைங்களே கேட்டார்கள். அவர்களுக்கு ஒரு கதை சொன்னோம். அதை உங்களுக்கும் சொல்கிறோம்.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஒரு அம்மா. 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். பிறகு இங்கிலாந்தில் குடியிருந்தார். 1863-ல் அவருக்கு 48 வயது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் இருந்த கோழிகளைத் திறந்து விட்டுவிட்டு, கண்ணாடி போட்ட கோழிக்கொட்டகையை ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டார். நிலக்கரி போடும் அறையை, படம் கழுவும் இருட்டறை ஆக்கிக்கொண்டார். வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் படம் எடுத்தார், டார்வின் என்ற பெரிய விஞ்ஞானியையும் படம் எடுத்தார். படம் தெளிவாக இல்லை, கறை படிந்திருக்கிறது என்று அந்தக் காலத்துப் பெரிய ஆட்கள் கேலி செய்தார்கள். அவர் நிறுத்தவில்லை. இன்றைக்கு அந்தப் படங்கள் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அவர் 1875-ல் இலங்கைக்குக் குடிபோனார். குடும்பத்துக்கு அங்கே காப்பித் தோட்டம் இருந்தது. அங்கேயும் ஊர்ப் பெண்களையும் தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் படம் எடுத்தார். 1879-ல் அங்கேயே இறந்தார். அந்த இலங்கைப் படங்களில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு மனக்குறை எங்களுக்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

நம் நாட்டிலும் இதுபோல் உண்டு. 1984-ல் அகமதாபாத்தில் சேவா சங்கத்துப் பெண்கள் வீடியோ கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத காய்கறி வியாபாரிகளும் இருந்தார்கள். எனவே இடம் சின்னது, படிப்பு இல்லை, வயசாச்சு என்ற மூன்று காரணமும் இங்கே செல்லாது.

உட்கார வைக்கும் முறை

பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு நாங்கள் செய்வது இது. வாசற்படிக்கு உள்ளே 2 அடி தள்ளி ஒரு ஸ்டூல் போடுகிறோம். ஆள் வாசலைப் பார்த்து நேராக உட்கார வேண்டும். அவருக்குப் பின்னால் 3 அடி தள்ளி, இரண்டு ஆணியில் கயிறு கட்டி, மடிப்புக் கலைய இஸ்திரி போட்ட வெள்ளைப் பெட்ஷீட். துணியை ஒட்டி உட்கார்ந்தால் நிழல் துணியில் விழும். தள்ளி உட்கார்ந்தால் விழாது. எடுப்பவர் வாசலுக்கு வெளியே 5 அடி தள்ளி, முகத்துக்கு நேர் உயரத்தில் போனைப் பிடிக்க வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் நெற்றி பெரிசாகும், கீழே இருந்து எடுத்தால் மூக்குத் துவாரம் தெரியும். அதனால் நாங்களும் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் எடுக்கிறோம்.

கிட்டப் போய் எடுக்காதீர்கள். 2 அடியில் போனை நீட்டினால் மூக்கு உருண்டையாகி, காது சின்னதாகிவிடும். 5, 6 அடி தள்ளி நின்று, தேவையானால் கொஞ்சம் ஜூம் செய்துகொள்ளலாம். படம் எடுக்கும் முன் போனின் கேமராக் கண்ணாடியைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். நம் போன் எல்லாம் சமையல் கட்டில் கிடக்கிற போன். எண்ணெய்க் கை பட்டுத்தான் பாதிப் படங்கள் மங்கலாக வருகின்றன.

வீட்டில் மாட்டி வைக்கும் படம் என்றால் வேறு முறை. ஆளை வாசலுக்குச் சாய்வாக, ஒரு கன்னத்தில் வெளிச்சம் படும்படி உட்கார வைக்க வேண்டும். இருட்டாக இருக்கும் இன்னொரு கன்னத்துப் பக்கம் 2 அடியில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் வாசல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து நிழலை லேசாக்கும். கிட்டக் கொண்டு வந்தால் நிழல் குறையும், தள்ளிப் பிடித்தால் கூடும். நிழலை முழுசாக அழித்துவிடாதீர்கள். கொஞ்சம் நிழல் இருந்தால்தான் முகம் உருவமாகத் தெரியும். இல்லையென்றால் சப்பாத்தி மாதிரி தட்டையாகிவிடும். கண்ணைப் பாருங்கள். கருவிழியில் வாசல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரிய வேண்டும். அந்தப் புள்ளி இருந்தால் முகத்துக்கு உயிர் வரும்.

மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் என்றால் கண்ணாடியில் வாசல் அப்படியே தெரியும். கண்ணாடியின் காதுக் கம்பியைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டால் கண்ணாடி கீழ் நோக்கிச் சாயும், பளபளப்பு போய்விடும். நெற்றி எண்ணெய் மின்னினால் பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். பவுடரை அப்பாதீர்கள், சாம்பல் பூத்த மாதிரி விழும்.

செலவு என்று பார்த்தால் பெட்ஷீட்டும் வேட்டியும் வீட்டில் இருந்தவை. தெர்மாகோல், கயிறு, கிளிப், ஆணி எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் முடிந்தது.

வெள்ளைப் புடவையும் கறுத்த முகமும்

வெள்ளைப் புடவை கட்டிய ஒரு அம்மாவை எடுத்தபோது முகம் கறுப்பாக விழுந்தது. "என் கலரே அதுதான் கண்ணு" என்றார். இல்லை! கேமராவுக்கு ஆள் யார் என்று தெரியாது. கண்முன் இருப்பதை எல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எதிரே வெள்ளை அதிகம் இருந்தால் "வெளிச்சம் ஜாஸ்தி" என்று நினைத்து மொத்தத்தையும் இருட்டாக்கும். பின்னால் கறுப்புத் துணி இருந்தால் "வெளிச்சம் கம்மி" என்று நினைத்து முகத்தை வெளுக்க வைக்கும். இதற்கு வழி சுலபம். போன் திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே தள்ளினால் குறையும். முகம் நேரில் எப்படித் தெரிகிறதோ அப்படி வரும்வரை தள்ளுங்கள்.

இது நம்முடைய பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவின் கோடாக் கம்பெனி 1950-களில் இருந்து போட்டோ பிரிண்ட் போடும் இடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை கொடுத்து வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பேர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று அர்த்தம். நம்மைப் போல் நிறம் உள்ளவர்கள் அதில் கணக்கிலேயே இல்லை. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் "பழுப்பு நிறம் சரியா வரலை" என்று புகார் செய்த பிறகுதான் பிலிமைத் திருத்தினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மனுஷங்க முகத்துக்காக மாறாதது, மேஜை நாற்காலிக்காக மாறியிருக்கிறது! பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து இருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. கறுத்த தோலும் சரியாக விழ வேண்டும் என்பதை ஒரு தனி வசதியாகச் சொல்லி கூகுள் கம்பெனி போன் விற்றது 2021-ல்.

ஆகவே அக்காமார்களே, போட்டோவில் நம் முகம் சரியாக வரவில்லை என்றால் முகத்தைத் திட்டாதீர்கள். அது கருவியும் வெளிச்சமும் செய்யும் கோளாறு.

இருட்டினால் என்ன செய்வது?

கூலிக்குப் போகிறவர்கள் சாயங்காலம்தான் வருவார்கள். மழைக்காலத்தில் 5 மணிக்கே இருட்டும். அப்போது பல்பு வேண்டும். பல்பை முகத்துக்கு நேராக வைக்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். வெள்ளையடித்த சுவரில் பட்டு வெளிச்சம் திரும்பி வரும். சுவரே வாசல் மாதிரி பெரிய விளக்காகிவிடும். பச்சை, ரோஸ் சுவர் என்றால் முகத்திலும் அந்த நிறம் ஏறும். அங்கே பெட்ஷீட் கட்டுங்கள்.

இரண்டு எல்.இ.டி. பல்பு வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கட்டும். பல்பு 2 அடியில் இருக்கும்போது கிடைக்கிற வெளிச்சம், 4 அடிக்குத் தள்ளினால் பாதியாகாது, கால் பங்காகிவிடும். அதனால் சின்ன அறை என்பது இங்கே லாபம்தான். பல்பு கிட்டேயே இருக்கும்! வெளிச்சம் குறைவான நேரத்தில் போன் மெதுவாகத்தான் படம் பிடிக்கும், கை ஆடினால் கலங்கிவிடும். முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்டு, பிறகு தொடுங்கள். ஒவ்வொருவருக்கும் 5, 6 படமாவது எடுங்கள். ஒன்றில் கண் மூடியிருக்கும், ஒன்றில் வாய் திறந்திருக்கும். நல்லதை வைத்துக்கொள்ளலாம்.

திருத்துவது எதுவரை?

இப்போது எங்கள் முதல் தப்புக்கு வருவோம். படத்தைத் திருத்துவது இன்று வந்த பழக்கம் இல்லை. அந்தக் கால ஸ்டுடியோவிலும் நெகட்டிவ் மேல் கூரான பென்சிலால் தீட்டிச் சுருக்கத்தை மறைப்பார்கள். அப்போது அதற்கு ஒரு கைத்திறன் வேண்டும், நேரம் வேண்டும். இப்போது ஒரு தொடுதல் போதும். அதனால்தான் ஆபத்தும் அதிகம்.

முதலில் போன் கேமராவில் 'பியூட்டி' என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். நாம் கேட்காமலேயே அது தோலை மெழுகிவிடும். பிறகு ஸ்னாப்சீட் போன்ற ஒரு இலவச ஆப் போதும். எங்கள் வரிசை இதுதான். முதலில் படம் சாய்ந்திருந்தால் நேராக்குகிறோம். வேண்டாத ஓரத்தை க்ராப் செய்கிறோம். பின்னால் இருக்கும் துணி வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்து, மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தால் ஒயிட் பேலன்ஸ் மாற்றுகிறோம். துணி வெள்ளையானால் முகத்தின் நிறமும் தானாகச் சரியாகிவிடும். கடைசியாக நிழலையும் வெளிச்சத்தையும் கொஞ்சம் ஏற்றி இறக்குகிறோம். ஒரு முகத்துக்கு 3 நிமிஷம். அதற்கு மேல் ஆனால் படமே சரியில்லை என்று அர்த்தம். திரும்ப எடுப்பதே மேல். திருத்திய படத்தைத் தனியாகச் சேமித்து, முதல் படத்தை வேலை முடியும்வரை அப்படியே வையுங்கள்.

முகத்தில் எதைத் தொடலாம்? இதற்கு நாங்கள் எங்களுக்குள் ஒரு தீர்மானம் போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் இருக்காது என்பதை எடுக்கலாம். அடுத்த வாரமும் இருக்கும் என்பதைத் தொடக் கூடாது. வீட்டுப் படத்தில் ஒரு பரு, கொசுக்கடி, கன்னத்தில் ஒட்டிய நூல் எடுக்கலாம். மச்சம், தழும்பு, சுருக்கம், நரை, நிறம் எதையும் தொட மாட்டோம். மனுவுக்கு என்றால் பருவைக்கூடத் தொட மாட்டோம்.

இதில் எங்களுக்குச் சண்டையும் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் பெண்ணின் படம் எடுக்க ஒரு அம்மா வந்தார். "கொஞ்சம் செவப்பா ஆக்கிக் குடுங்கம்மா, காசு வேணா சேத்துத் தரேன்" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் முன்னாலேயே அவளுக்கு விலை பேசுகிற மாதிரி எங்களுக்குப் பட்டது. "செவப்பாக்க மாட்டோம் அக்கா. வாசல்ல உக்கார வெச்சு நல்லா எடுத்துத் தரோம். புடிக்கலைன்னா காசு வேணாம்" என்றோம். எடுத்தோம். அம்மாவுக்கு அரை மனசுதான். பெண்ணுக்குப் பிடித்திருந்தது. அந்த இடம் கூடி வந்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்க்கிற அவமானம் அவளுக்கு எங்களால் வராது. 2020-ல் ஃபேர் அண்டு லவ்லி கிரீமே பேரில் இருந்த 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. நாம் மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

அளவும் பிரிண்டும்

சாதாரண பாஸ்போர்ட் சைஸ் 3.5 சென்டிமீட்டர் அகலம், 4.5 சென்டிமீட்டர் உயரம். பான் கார்டு விண்ணப்பத்துக்கு 2.5 அகலம், 3.5 உயரம். 4-க்கு 6 அங்குலப் போட்டோத் தாளில் பாஸ்போர்ட் சைஸ் படம் 8 அடங்கும். படிவத்தில் கேட்ட அளவை முதலில் படித்துவிட்டு எடுங்கள். ஆன்லைன் மனுக்களில் படம் இத்தனை கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். 20 முதல் 50 கே.பி. வரை பல இடங்களில் கேட்கிறார்கள். ஆதாருக்கு நாம் எடுத்த படம் செல்லாது, மையத்தில் நேரில்தான் எடுப்பார்கள். அதற்குக் காசு வாங்கி யாரையும் அலைய விடாதீர்கள்.

பிரிண்ட் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும். நாங்கள் முதல் ஆறு மாதம் வெளியில்தான் பிரிண்ட் போட்டோம். பிறகு குழுவில் உள்கடன் வாங்கிச் சின்ன பிரிண்டர் வாங்கினோம். 8 பிரதிக்கு 50 ரூபாய் வாங்குகிறோம். தவணை தவறாமல் கட்டி வருகிறோம். முதலிலேயே பிரிண்டர் வாங்காதீர்கள். வேலை நிலையாக வருகிறது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

வைக்கவா, அழிக்கவா?

பெண்களின் படம் நம் கையில் இருப்பது ஒரு பொறுப்பு. வாங்கிய நகையைப் பீரோவில் பூட்டுகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்காமல் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. குழந்தைகள் படத்தை அம்மா அப்பா சம்மதம் இல்லாமல் யாருக்கும் அனுப்பக் கூடாது. படம் எடுக்கும் போனைக் கடவு எண் போட்டுப் பூட்டுங்கள், வீட்டுப் பையன்கள் கையில் கொடுக்காதீர்கள். யாராவது உங்கள் படத்தைத் தவறாக மாற்றி மிரட்டினால் பயந்து அடங்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930, பெண்கள் உதவி எண் 181. குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இந்தப் பயத்தால் நாங்கள் ஆரம்பத்தில் ஒரு விதி வைத்திருந்தோம். பிரிண்ட் கொடுத்ததும் எல்லாப் படத்தையும் அழித்துவிடுவது. நல்ல விதி என்றுதான் நினைத்தோம்.

அந்த ஆயா மறுபடி எங்களிடம் வந்தார். வாசலில் உட்கார வைத்து, மச்சமும் தழும்பும் தெரிய எடுத்துக் கொடுத்தோம். மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரு பிரதியைத் தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். போன தை மாதம் ஆயா இறந்துபோனார். கருமகாரியத்துக்கு மாட்ட அவர் மகன் வந்து பெரிய படம் கேட்டார். எங்களிடம் இல்லை. விதிப்படி அழித்துவிட்டோம். அந்த வீட்டில் ஆயாவுக்கு வேறு படமே கிடையாது. கடைசியில் சுருக்குப் பையில் இருந்த மடங்கிய சின்னப் படத்தை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, போனை நேர் மேலே பிடித்துப் படம் எடுத்துப் பெரிசாக்கிக் கொடுத்தோம். மடிப்புக் கோட்டை மட்டும் எடுத்தோம். நெற்றிக் கோட்டைத் தொடவில்லை. மாலை போட்ட படத்தில் அந்த வீட்டார் ஆயாவை ஆயாவாகவே பார்த்தார்கள். ஆனால் படம் மங்கல். எங்கள் மனசு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு விதியை மாற்றினோம். ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். ஒவ்வொருவரிடமும் "வைக்கவா, அழிக்கவா?" என்று கேட்டு, அவர் சொன்னபடி எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறோம். பெரிய படம் எடுத்தால் பின்பக்கத்தில் பென்சிலால் பேர், ஊர், தேதி எழுதித் தருகிறோம். கோழிக்கொட்டகை அம்மாவின் இலங்கைப் படங்களைப் பற்றி ஒரு மனக்குறை என்று சொன்னோம் இல்லையா? அது இதுதான். டார்வின் படத்தில் டார்வின் பேர் இருக்கிறது. இலங்கைப் பெண்கள் பலருடைய படத்தில் 'பெண், இலங்கை' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. யார் பெற்ற பிள்ளையோ, பேர் தெரியாமல் போய்விட்டது. நம் ஊர்ப் பெண்கள் படம் அப்படிப் பேரில்லாமல் போகக் கூடாது.

முடிவாக ஒன்று சொல்கிறோம். நாம் திருவாலங்காட்டுக்காரர்கள். நம் கோயிலில் ரத்தினசபையில் ஆடும் சுவாமிக்குக் காலடியில் இருப்பவர் யார்? காரைக்கால் அம்மையார். அழகும் இளமையும் இருந்த புனிதவதி, இந்தச் சதையை உதறிப் பேய் வடிவம் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் என்று பெரிய புராணம் சொல்கிறது. சிற்பிகள் அவர் எலும்பை எலும்பாக, ஒட்டிய வயிற்றை ஒட்டிய வயிறாகவே வடித்தார்கள். ஒருத்தரும் திருத்தவில்லை. அந்த உருவத்தைத்தான் நாம் அம்மா என்று கும்பிடுகிறோம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, உழைத்துக் கறுத்த ஒரு ஆயாவின் முகத்தை நாம் அழித்தோம். இனி அழிக்க மாட்டோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு குழுவுக்கு ஒருத்தராவது போனும், ஒரு வெள்ளை வேட்டியும், ஒரு தெர்மாகோல் அட்டையும் எடுத்து வாருங்கள். கூட்டம் முடிந்ததும் இந்தக் கட்டடத்து வாசலிலேயே எல்லோரும் எடுத்துப் பழகலாம். வீட்டில் வயசான அம்மா, ஆயா, அவ்வா இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே வாசலில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.